இருப்பிடம் சொல்லும் கருவிக்குத் தொடக்க விழா

சிலாங்கூர் வானூர்தி ஆர்வலர் நற்பணிச் சங்கத்தில் பத்தொன்பது உறுப்பினர்கள். விமானம் ஒன்று. அதில் இருக்கை இரண்டு. நிர்வாகக் குழுவில் பதினொரு பேர்.

விமானம் காப்பாருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தின் நடுவே ஓர் ஓடுபாதையில் நின்றது. வயது நாற்பத்தொன்று. சங்கத்தின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்தது. விமானத்தை நேரில் பார்க்காத உறுப்பினர்கள் ஏழு பேர். அலுவலகத்தைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. மாதக் கூட்டத்தில் வடை உண்டு.

ஜனவரியில் ஓடுபாதை நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜூலை முதல் அங்கிருந்து எழும்பும் ஒவ்வொரு விமானமும் தான் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். பொருத்தாத விமானம் தரையிலேயே நிற்கலாம்.

செயலாளர் ஜெய்னுலாபுதீன் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். படித்து முடித்ததும் அதைப் புடவை மடிப்பதுபோல நான்காக மடித்து வைத்தார்.

“இதுக்கு ஒரு தொழில்நுட்பத் துணைக்குழு அமைக்கணும்,” என்றார் தலைவர் டத்தோ தம்புசாமி.

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். பத்துத் தலைகள் நிமிர்ந்திருந்த அறையில் குனிந்த தலைதான் எல்லார் கண்ணிலும் பட்டது. அவர் ரயில்வேயில் முப்பது வருடமாக சிக்னல் பழுதுபார்ப்பவர். துணைக்குழுவின் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினராகவும் அவரே இருக்கலாம் என்று முடிவாயிற்று.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர் ஒரு தாளோடு வந்தார்.

“மூணு வகை இருக்கு டத்தோ. ஒண்ணு, முன்பலகையில பதிக்கிறது. பழைய மைவி கார் ஒண்ணு வாங்குற விலை. ரெண்டாவது, வால் விளக்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல மாட்டுறது. விளக்கும் அதுதான், கருவியும் அதுதான். புது மோட்டார் சைக்கிள் விலை. மூணாவது, சிகரெட் டப்பா மாதிரி இருக்கும். ஜன்னல் கண்ணாடியில ரப்பர் வச்சு ஒட்டிக்கலாம். பேட்டரியில ஓடும். நல்ல கைப்பேசி விலைதான். ஓடுபாதைக்காரங்ககிட்ட கேட்டுட்டேன், அவங்களுக்கு அதுவே ஓகே.”

“ஒட்டினா என்ன பண்ணும்?”

“விமானம் யாரோடது, எங்க இருக்கு, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் போகுது, எல்லாத்தையும் நொடிக்கு ஒரு தரம் சொல்லிக்கிட்டே இருக்கும். யாரும் கேட்கணும்னுகூட இல்ல. பக்கத்துல பறக்கிறவங்க திரையில நாம புள்ளியாத் தெரிவோம். மோதாம இருக்கலாம்.”

“பறக்கிறவங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் டத்தோ. கைப்பேசியில ஆப் இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

வடை மெல்லும் சத்தம் நின்றது.

“யார் வேணும்னாலும்னா,” என்றார் டத்தோ, “வீட்டுல இருக்கிறவங்களும்?”

“அவங்களும்தான்.”

“லங்காவிக்குப் போனா லங்காவின்னே காட்டுமா? ஈப்போன்னு போட முடியாதா?”

“முடியாது டத்தோ.”

“பக்கத்து சீட்டுல யாருன்னு?”

“அதைக் காட்டாது.”

“இப்போதைக்குக் காட்டாது,” என்றார் ஜெய்னுலாபுதீன். வியாழக்கிழமைகளில் அவர் பினாங்கில் துணி எடுக்கப் போவதாகக் கடையில் சொல்லிவிட்டு விமானத்தை எடுப்பார். அது பினாங்குப் பக்கம் போனதே இல்லை என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கடையில் தெரியாது.

டத்தோ எழுந்தார். அவர் எழுந்தால் அது உரை.

“அன்பான உறுப்பினர்களே. வெளிப்படைத்தன்மை இந்தச் சங்கத்தின் உயிர்மூச்சு. இருபத்திரண்டு ஆண்டுகளாக நாம் எதையும் மறைத்ததில்லை. ஆனால் உயிர்மூச்சை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? பார்க்க முடியாது. அதனால்தான் அது உயிர்மூச்சு. கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே அவசரப்படாமல், பொறுப்போடு, ஆழமாக ஆராய்ந்து, விரிவான அறிக்கை ஒன்றை நம் சபாபதி தயாரிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.”

கை தட்டினார்கள். சபாபதியும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் தன் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் இறங்கியிருப்பதைக் கவனித்தார். அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் அந்த விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றுபோய், அவர் செகிஞ்சான் வயல் ஒன்றில் இறங்க வேண்டிவந்தது. படம் பேப்பரில் வந்தது. அதே மாதம் மனைவி தனலெட்சுமிக்கு வயிற்றில் கட்டி. அறுவைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கட்டிலிலிருந்தபடி அவர் கையைப் பிடித்தாள்.

“விமானத்துல இருக்கிற பங்கை வித்துட்டீங்களா?”

“வித்துட்டேன்.”

அவள் கையை விட்டாள். நிம்மதியாக உள்ளே போனாள்.

அடுத்த வாரம் விற்பதாகத்தான் இருந்தார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அவருக்கு ஓவர்டைம். தனலெட்சுமி காலை ஐந்தரைக்கு எழுந்து எலுமிச்சைச் சோறு கிளறி, உருளைக்கிழங்கு வதக்கி, டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். பறந்து இறங்கியதும் அவர் இறக்கையின் நிழலில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார். ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. முழுவதும் சாப்பிட்டுவிட்டால் பொய் கொஞ்சம் குறையும் என்பதுபோல.

கருவி வந்தால் அவள் பார்ப்பாள் என்றில்லை. ஆனால் பார்க்க முடியும். விமானத்தின் வாலில் இருந்த எழுத்துகள் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பேப்பர் படத்தை வெட்டி, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

ஒரு தாள் அறுபத்திரண்டு பக்க அறிக்கையாயிற்று. தனக்கு இப்படி எழுத வரும் என்று சபாபதிக்கே தெரியாது. ஜன்னலில் ஒட்டும் ரப்பர் மலேசிய வெயிலைத் தாங்குமா என்று ஓர் அத்தியாயம். அதற்காக ஒரு ரப்பரை வீட்டுச் சமையலறைக் கண்ணாடியில் நாற்பது நாள் ஒட்டிவைத்து, தினமும் காலையும் மாலையும் குறித்துக்கொண்டார். அது ஒருமுறையும் விழவில்லை. ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்தார்.

“இது என்னங்க கண்ணாடியில?” என்று தனலெட்சுமி கேட்டாள்.

“ரயில்வே வேலை.”

மார்ச் மாதம் அறிக்கையைப் படிக்க ஒரு குழு அமைந்தது. ஏப்ரலில், டிரான்ஸ்பாண்டர் என்பதற்குத் தமிழில் பெயர் வைக்காமல் எப்படி வாங்குவது என்று ஒருவர் கேட்டதால் கலைச்சொல் குழு அமைந்தது. மே மாதம், கருவி பொருத்திய விமானங்களை நேரில் ஆராய நிர்வாகக் குழு தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு மூன்று நாள் ஆய்வுப் பயணம் சென்றது. பஸ்ஸில் போனார்கள். விமானம் எதையும் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு கிலோ முந்திரிப்பருப்பு வாங்கி வந்தார்கள். பயணம் பயனுள்ளதாக இருந்தது என்று சபாபதி குறிப்பேட்டில் எழுதினார்.

ஜூன் முதல் வாரம் டத்தோ கைப்பேசியில் கூப்பிட்டார்.

“சபா, நம்ம தொகுதி மாண்புமிகு தேதி கொடுத்துட்டாரு லா. இருபத்தெட்டாம் தேதி. தொடக்க விழா.”

“எதுக்கு டத்தோ?”

“கருவிக்கு.”

“கருவி இன்னும் வாங்கலையே.”

“கருவியை எப்ப வேணும்னாலும் வாங்கலாம். மாண்புமிகு தேதி திரும்பக் கிடைக்குமா? ஒரு மாதிரி செஞ்சிரு.”

தனேஷ் என்று ஒருவர் கிள்ளானில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். யானை, மயில், தாஜ்மகால் எல்லாம் பாலிஸ்டிரீனில் செதுக்குவார். கடையில் சோறு கட்டிக் கொடுக்கும் வெள்ளை நுரைப் பெட்டி இருக்கிறதே, அந்தப் பொருள்தான். சபாபதி அளவு கொடுத்தார். உண்மையில் சிகரெட் டப்பா அளவுதான். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று டத்தோ சொன்னதால் ஒரு முழு ரொட்டி நீளத்துக்குச் செய்தார்கள். கறுப்புச் சாயம் அடித்ததும் நன்றாகவே இருந்தது. ஏதோ குறைகிறது என்று சபாபதிக்குத் தோன்றியது. முப்பது வருடம் சிக்னலோடு இருந்தவர். ஒரு பச்சை விளக்கும் சிறு பேட்டரியும் உள்ளே வைத்து, நொடிக்கு ஒரு தரம் சிமிட்டும்படி செய்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

“அலாமாக்,” என்று வியந்தார் தனேஷ். “நிஜம் தோத்துடும் அண்ணே.”

விழாவுக்கு மாண்புமிகு வரவில்லை. பிரதிநிதியை அனுப்பினார். மேடையில் இருந்ததும் கருவியின் பிரதிநிதிதான் என்பதால் யாருக்கும் குறையில்லை. பிரதிநிதி கோங் மணியை மூன்று முறை அடித்தார். பட்டுத்துணி விலகியது. பச்சை விளக்கு சிமிட்டியது. எல்லாருக்கும் பொன்னாடை. சபாபதிக்கும் ஒன்று. மறுநாள் தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் வந்தது: ‘வான் பாதுகாப்பில் நம் சமுதாயம் முன்னோடி.’

ஜெய்னுலாபுதீன் அந்தப் பக்கத்தை வெட்டி ஓடுபாதை நிர்வாகத்துக்கு அனுப்பினார். ‘நன்றி. கோப்பில் சேர்த்துக்கொண்டோம்’ என்று பதில் வந்தது.

பாலிஸ்டிரீன் கருவியை விமானத்தின் ஜன்னலில் ஒட்டச் சொன்னார் டத்தோ.

“டத்தோ, அது வேலை செய்யாது.”

“யார் அதை வேலை செய்யச் சொன்னா? கோப்பிக் கடையில மேசை மேல டிஷ்யூ பேக்கெட் வைக்கிறதில்லையா? ஆள் வர்ற வரைக்கும் இடம் பிடிச்சு வைக்குது. அவ்வளவுதான் லா.”

சபாபதி போய் ஒட்டினார். நான்கு ரப்பர். சமையலறைக் கண்ணாடியில் நாற்பது நாள் நின்ற ரப்பரும் அதில் ஒன்று.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை. காலை பத்து மணி. காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகளை இடது பக்கம் விட்டு, கடலோரமாக ஆயிரத்து ஐந்நூறு அடியில் அவர் பறந்துகொண்டிருந்தார். வானம் சுத்தமாக இருந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. அழகாகத்தான் செய்திருக்கிறோம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை நிமிர்ந்தபோது கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளை விமானம் இருந்தது.

அவர் தன் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினார். எதிரே வந்தது மேலே போயிற்று. அதன் வயிற்றில் எண்ணெய்க் கறை ஒன்று, இலை வடிவத்தில், தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். பிறகு வானம் மறுபடியும் காலியாக இருந்தது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

இறங்கி வெகுநேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். விமானக் குறிப்புப் புத்தகத்தில் பெயர், தேதி, நேரம் எழுதினார். ‘குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். அன்று எலுமிச்சைச் சோறு இறங்கவில்லை. செம்பனை மரத்தடியில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவினார்.

“இன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சா?” என்று மாலையில் தனலெட்சுமி கேட்டாள்.

“சரியா இருந்துச்சு.”

ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் தாமரை. வயது இருபத்தொன்று. சுபாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் பழகுபவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே பேசினாள்.

“ஜூலை பத்தொன்பது, பத்து மணிக்கு, நான் தனியா பறந்துட்டிருந்தேன். காப்பார் கிட்ட ஒரு விமானம் என் கீழ போச்சு. ரொம்பக் கிட்ட. எங்க விமானத்துல திரை இருக்கு. ஒலிபரப்புற விமானம் எல்லாம் அதுல தெரியும். இது தெரியல. ஸ்கூல்ல சொன்னேன். திரையோட பதிவைப் பார்த்தாங்க. அந்த நேரத்துல அங்க எதுவும் இல்லைன்னாங்க. பயத்துல கற்பனை பண்ணிட்டேன்னு சொல்றாங்க. தனியா பறக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் முடிவு எடுப்பாங்க.” மூச்சு வாங்கினாள். “அந்தப் பக்கம் பறக்கிறது உங்க விமானம்தான்னு சொன்னாங்க. அன்னிக்கு ஓட்டினது யாருன்னு தெரிஞ்சா போதும். அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

சபாபதி அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டத்தோ எழுந்தார்.

“நம் சமுதாயத்துப் பெண் ஒருத்தி வானத்தில் பறக்கிறாள் என்பதைக் கேட்டு என் நெஞ்சு விம்முகிறது. இந்தச் சங்கம் பெண்களுக்கு என்றுமே துணை நிற்கும். ஏன் நம் குழுவில் பெண்களே இல்லை என்று கேட்பார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான். இந்த வீரமங்கைக்கு இப்போது பொன்னாடை போர்த்துவோம்.”

“எனக்குப் பொன்னாடை வேணாம் டத்தோ. பேர் வேணும்.”

“மறுக்கக் கூடாது மா. போட்டோ எடுக்க ஆள் வந்திருச்சு.”

போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். பொன்னாடைக்குள்ளிருந்து அவள் மறுபடியும் கேட்டாள்.

“அந்த விமானத்து ஜன்னல்ல பச்சை விளக்கு ஒண்ணு சிமிட்டிச்சு. அதைக்கூடப் பார்த்தேன்.”

“பார்த்தியா, நீயே சொல்லிட்டே,” என்றார் டத்தோ கனிவோடு. “பச்சை விளக்கு எரிஞ்சா கருவி ஓடுது. கருவி ஓடினா உங்க திரையில தெரிஞ்சிருக்கும். தெரியல. அப்ப நம்ம விமானம் அங்க இல்ல. நம்ம கருவியைப் பத்தி பேப்பர்லயே வந்திருக்கு.”

“பறந்தவங்க பேர் எழுதுற புத்தகம் இருக்குமே. அதைப் பார்க்கலாமா?”

“பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கு மா,” என்றார் ஜெய்னுலாபுதீன். புத்தகம் அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. அதன்மேல் வடைத் தட்டு இருந்தது.

சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிடலாம் என்றார் டத்தோ. ஜெய்னுலாபுதீன் எழுதிப் படித்தார். ‘ஜூலை பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குச் சங்கத்தின் விமானமோ உறுப்பினர் எவருமோ வானத்தில் இல்லை என இக்கூட்டம் தீர்மானிக்கிறது.’ டத்தோ முன்மொழிந்தார்.

“வழிமொழிய? தொழில்நுட்பத் துணைக்குழு சொன்னா எடுப்பா இருக்கும். சபா?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

‘நான்தான்’ என்று சொல்வதற்கும் அதே அளவு நேரம்தான் ஆகும். சொன்னால் விசாரணை. வீட்டுக்குக் கடிதம். தனலெட்சுமி படிப்பாள். அவருக்கு வரும் கடிதங்களை அவள்தான் பிரிப்பாள்.

“வழிமொழிகிறேன்,” என்றார் சபாபதி.

வடை வந்தது.

அவர் படியிறங்கியபோது பூக்கடை வாசலில் அவள் நின்றிருந்தாள். பொன்னாடையை மடிக்கத் தெரியாமல் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், நீங்களும் பைலட்டா?”

“எப்பவாவது.”

“உங்களுக்கு இப்படி ஆயிருக்கா? இல்லாத ஒண்ணு தெரியறது?”

அவர் கடை வாசலில் தொங்கிய மாலைகளைப் பார்த்தார்.

“எங்கப்பா பண்டமாரான்ல லோரி ஓட்டறாரு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாரு. வாயத் தொறந்து சொல்லல. ஆனா நினைக்கிறாரு. அது பரவாயில்ல அங்கிள். இப்ப எனக்கே டவுட்டா இருக்கு. பார்த்தேனா இல்லையான்னு.” சிரிக்கப் பார்த்தாள். “அந்த விளக்கு. பச்சையா இருந்துச்சு. அது மட்டும் போக மாட்டேங்குது.”

கூப்பிட்டிருந்த கிராப் வாடகைக் கார் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

ரயில்வேயில் சேர்ந்த முதல் நாள் அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான். தண்டவாளத்தில் ரயில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், சிக்னல் பலகை என்ன சொன்னாலும் கண்ணை நம்பு. அந்த நம்பிக்கையைத்தான் அந்தப் பெண்ணிடமிருந்து அவர் பறித்திருந்தார். இரண்டு முழம் மல்லிகை என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழியை மறைக்கிறோம் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தார். காப்பாருக்குப் போய் ஜன்னலிலிருந்து கருவியைப் பிடுங்கினார். ரப்பர் லேசில் விடவில்லை. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு சுபாங் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

தலைமைப் பயிற்சியாளர் ரிஷி மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். சபாபதி கருவியை மேசையில் வைத்தார். அது சிமிட்டியது.

“ஜூலை பத்தொன்பது. காப்பார். நான்தான் ஓட்டினேன். அந்தப் பொண்ணு பார்த்தது உண்மை.”

“கருவி இருந்திருக்கே. அப்ப எங்க திரையில...”

“அமுக்கிப் பாருங்க.”

ரிஷி விரலால் அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. கறுப்புச் சாயம் விரலில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார்.

“இதுல ஒரு சிக்கல் இருக்கு,” என்றார். “நீங்க சொல்றதை நாங்க ஏத்துக்கிட்டா, எங்க திரை பார்க்காததை எங்க மாணவி பார்த்ததா ஆகும். அந்தத் திரையைக் காட்டித்தான் நாங்க விளம்பரமே கொடுக்கிறோம்.”

“அப்படித்தான் நடந்துச்சு.”

ரிஷி பெருமூச்சோடு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்று பிரதி. சபாபதி நிரப்பினார். கடைசியில் ‘கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி’ என்று இருந்தது. அலுவலக முகவரியைக் கொடுக்கலாம். பேனா கொஞ்ச நேரம் நின்றது. வீட்டு முகவரியை எழுதினார். மூன்று பிரதியிலும்.

வீட்டுக்குப் போனபோது தனலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடிதம் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னார். விற்கவில்லை என்றார். சனிக்கிழமைகள் என்றார். வெள்ளை விமானம், எண்ணெய்க் கறை, அந்தப் பெண், வழிமொழிந்தது, எல்லாம் சொன்னார்.

அவள் கடைசிக் கட்டு வரைக்கும் ஆய்ந்து முடித்தாள்.

“எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க?”

“என்னது?”

“நான் கட்டிக் கொடுத்த சோறு. எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க?”

“இறக்கைக்குக் கீழ. நிழலா இருக்கும்.”

அவள் எழுந்து போனாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அங்கே தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பாத்திரங்கள் இருக்கும். அதன்பின் அவரோடு பேசவில்லை.

விசாரணை முடியும்வரை அவருடைய உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. நிஜக் கருவி வரும்வரை விமானம் எழும்பக் கூடாது என்று ஓடுபாதை நிர்வாகம் சொல்லிவிட்டது. சங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கு விமானம் தேவைப்படுவதில்லை.

சங்கத்திலிருந்து அவருக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. தனலெட்சுமி பிரித்துப் படித்துவிட்டு மேசையில் வைத்திருந்தாள். குற்றச்சாட்டுகள் மூன்று. சங்கத்தின் சொத்தான கருவியில் விரல் அளவு பள்ளம் ஏற்படக் காரணமாக இருந்தது. தாமே வழிமொழிந்த தீர்மானத்துக்கு விரோதமாக உண்மை பேசியது. வானத்தில் எவரும் இல்லை எனச் சங்கம் தீர்மானித்திருந்த நேரத்தில் வானத்தில் இருந்தது.

கடிதத்தின் கீழே, புதிய மாதிரிக் கருவி ஒன்று ஃபைபரில் செய்யப்பட்டு வருவதாகவும், அது அமுங்காது எனவும், தொடக்க விழாவுக்கு மாண்புமிகுவிடம் தேதி கேட்டிருப்பதாகவும் ஒரு குறிப்பு இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் தாமரையிடமிருந்து செய்தி வந்தது. ‘அங்கிள், நாளைக்கு மறுபடியும் சோலோ. அப்பா ஏர்போர்ட் வரைக்கும் லோரியிலேயே வராரு. உங்க மேல கோவம் போகல. ஆனா தேங்க்ஸ்.’ மறுநாள் சிக்னல் அறையில் அவர் கைப்பேசியில் அந்த ஆப்பைத் திறந்தார். காப்பாருக்கு மேலே ஒரு சிறு புள்ளி கடலோரமாக நகர்ந்தது. அது சுபாங் திரும்பி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாட்ஸ்அப்பில் தனலெட்சுமிக்கு எழுதினார். ‘சிக்னல் அறையில இருக்கேன்.’

அவள் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

‘வேலை முடிஞ்சது. ரயில் ஏறிட்டேன்.’

நீலக் கோடுகள்.

அன்றிலிருந்து அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் இல்லை. ‘சென்ட்ரல் தாண்டிட்டேன்.’ ‘லிஃப்டுக்கு நிக்கிறேன்.’ ‘பல் டாக்டர். எனக்கு முன்னாடி ரெண்டு பேர்.’ அந்தக் கருவிக்கும் யாரும் பதில் சொல்வதில்லை. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருந்தார். அப்போதும் அனுப்பினார். ‘ஹால்ல இருக்கேன்.’ சமையலறையில் அவள் கைப்பேசி டிங் என்று சொல்வது ஹாலில் கேட்கும்.

ஐந்தாவது வாரம் செலாயாங் பாசாருக்குப் போனார். ‘பாசார் வந்துட்டேன்’ என்று எழுதினார். ‘மீன் பக்கம் நிக்கிறேன்’ என்று எழுதினார். ‘காய்கறிப் பக்கம் போறேன்’ என்று எழுதினார்.

நீலக் கோடுகள் வந்தன. கைப்பேசியைப் பையில் போடப் போனபோது அது அதிர்ந்தது.

‘கொத்தமல்லி ஒரு கட்டு.’

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் லோரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், “அங்கிள், வழி,” என்று கத்தினார்.

‘வாங்கிட்டேன்,’ என்று எழுதப் போய், நிறுத்தினார். முதலில் போய் வாங்கினார். பிறகு எழுதினார்.